சந்தியில் நிறுத்தப்பட்ட எழுத்தாளர்

ரொபின்சன் குரூசோவை நம் பிள்ளைகள் அறிவார்கள். அந்தக் கதையை வகுப்பில் படிப்பிக்கும்போதெல்லாம், அதை எழுதிய டேனியல் டிஃபோவின் கதையையும் சொல்லிவிட எனக்கு ஆசை வரும்.

இங்கிலாந்தின் அரச திருச்சபையில் சேராத கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. அந்தச் சிறுபான்மையினருக்கு ஒக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெற வழியில்லை. அரச பதவிகளுக்கும் தடை. டிஃபோ வியாபாரத்தில் இறங்கிக் கடனில் மூழ்கினார். பிறகு செங்கல், ஓடு செய்யும் தொழிலில் மெல்லத் தலைநிமிர்ந்தார்.

1702இல் ஆன் மகாராணி ஆட்சிக்கு வந்தார். அந்த ஆண்டே ஹென்றி சச்செவரெல் என்ற மதகுரு ஒக்ஸ்போர்டில் இந்தச் சிறுபான்மையினருக்கு எதிராக நெருப்பைக் கக்கினார். அவரை யாரும் தண்டிக்கவில்லை.

டிசம்பரில் பெயர் போடாமல் ஒரு சிறு பிரசுரம் வெளியானது. இவர்களின் போதகர்களைத் தூக்கில் போடுங்கள், பிரசங்கம் கேட்கப் போவோரை நாடு கடத்துங்கள் என்றது அது. எழுதியவர் டிஃபோ. வெறுப்பாளர்களின் குரலை அப்படியே எடுத்து, அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று காட்டியிருந்தார். அது கேலி என்று பலருக்கு விளங்கவில்லை. மனதாரப் பாராட்டியவர்களும் இருந்தார்கள். தங்கள் கொள்கையை அத்தனை தெளிவாக வேறு யாரும் எழுதியதில்லையே! உண்மை தெரிந்ததும்தான் அவர்களுக்குக் கோபம் வந்தது.

பிரசுரத்தை எரிக்கும்படி பாராளுமன்றம் உத்தரவிட்டது. தலைமறைவான டிஃபோவின் மூக்கு, நாடி, மச்சம் எல்லாம் விபரித்து, பிடித்துத் தருவோருக்கு 50 பவுண் என்று வர்த்தமானி அறிவித்தது. 1703 ஜூலையில் தீர்ப்பு: அபராதம், சிறை, அத்துடன் மூன்று நாட்கள் கழுத்தையும் கைகளையும் பலகையில் பூட்டிப் பொது இடத்தில் நிறுத்துதல். கல்லெறியில் உயிர்போகக்கூடிய தண்டனை அது. ஆனால் கூட்டம் அவர்மேல் பூக்களை எறிந்ததாகச் சொல்வார்கள். பூக்கள் கதையாகவே இருக்கட்டும். யாரும் அவரைக் காயப்படுத்தவில்லை. தன்னைப் பூட்டிய பலகையைப் பற்றி அவர் எழுதிய கவிதை அங்கேயே விலைப்பட்டது.

விடுதலை இலவசமாகக் கிடைக்கவில்லை. அப்போதைய சபாநாயகர் ரொபர்ட் ஹார்லி அவரை வெளியே எடுத்தார். டிஃபோ அவருக்காக எழுதவும் இரகசியமாகத் தகவல் சேர்க்கவும் தொடங்கினார். குடும்பமும் கடனும் இருந்த மனிதர்தான். இருந்தாலும் அந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்கு மனம் கசக்கும். பலகையால் முடியாததைச் சம்பளம் செய்துவிட்டது.

சச்செவரெல் 1710இல்தான் பாராளுமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார், அதுவும் அரசாங்கத்தையே சாடிய பிறகு. விசாரணை நடந்த நாட்களில் அவருடைய ஆதரவாளர்கள் லண்டனில் சிறுபான்மையினரின் வணக்கத்தலங்களை உடைத்து, உள்ளே இருந்தவற்றைத் தெருவில் போட்டு எரித்தார்கள். பிரசங்கப் பிரதிகளை எரித்ததைத் தவிர அவருக்குக் கிடைத்த தண்டனை, மூன்று வருடங்கள் பிரசங்கம் செய்யத் தடை.