நகரசபையிலே ஒரு விடுதலை வீரர்

பெரியோர் வரலாற்றை எழுதப் புகுவார் பலரும் அவர்தம் வாழ்வின் உச்சியையே நோக்குவர். அவ்வுச்சிக்கு அவர்கள் ஏறிய படிகளை நோக்குவார் சிலரே. வி. கே. கிருஷ்ணமேனன் என்னும் பெயரைக் கேட்டவுடன், ஐக்கிய நாடுகள் சபையிலே 1957ஆம் ஆண்டு காஷ்மீர் குறித்து ஏறக்குறைய எட்டு மணி நேரம் முழங்கிய நாவன்மையும், 1962ஆம் ஆண்டுச் சீனப் போரில் நேர்ந்த தோல்வியினாற் பாதுகாப்பு அமைச்சர் பதவியைத் துறந்த துயரமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், இலண்டன் மாநகரின் ஒரு கூறாய் விளங்கிய சென்ற் பாங்கிராஸ் நகரசபையிலே அவர் பதின்மூன்று ஆண்டுகள் அங்கத்தவராய் இருந்தமையை அறிந்தார் மிகச் சிலர். பாரத விடுதலையையே உயிர்மூச்சாகக் கொண்ட ஒருவர், அயல்நாட்டு நகரமொன்றின் தெருவும் கழிநீரும் வாசிகசாலையும் பேணும் சிறு பதவியை ஏன் நாடினார்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனன் 1896ஆம் ஆண்டு மலையாள நாட்டிலே பிறந்தவர். தந்தையார் வழக்கறிஞர். கோழிக்கோட்டிற் கற்றபின், சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். மகனும் தம்மைப்போல் வழக்கறிஞர் ஆகவேண்டுமென்பதே தந்தையாரின் விருப்பம். மகனோ அன்னி பெசன்ற் அம்மையாரின் சுயாட்சி இயக்கத்திலே ஈடுபட்டு, அடையாற்றிலே தொண்டராய் அமர்ந்தார். 1924ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்றவர், முதலிற் பாடசாலை ஆசிரியராய்ப் பணிபுரிந்தார். பின்னர் இலண்டன் பொருளியற் கல்லூரியிலே பேராசிரியர் ஹரல்ட் லாஸ்கியின் மாணாக்கர் ஆயினார்.

மேனனுக்கு வழிகாட்டிய இவ்விருவரையும் சிறிது உற்றுநோக்குதல் வேண்டும். பெசன்ற் அம்மையார் இந்தியாவுக்கு வருமுன், 1888ஆம் ஆண்டிலே இலண்டன் பாடசாலைச் சபைக்கு அபேட்சகராய் நின்று வென்றவர். பசித்த வயிற்றோடு பாடம் கேட்கும் ஏழைச் சிறாருக்கு உணவு வழங்கவேண்டுமென்று வாதாடியவர். லாஸ்கி, உலகறிந்த அரசியற் பேராசிரியராய் இருந்தும், 1934ஆம் ஆண்டு முதல் புல்ஹாம் நகரசபையிலே பணிபுரிந்தவர். பேரறிவாளர் பேர்னாட் ஷா கூட, அதே சென்ற் பாங்கிராஸ் பகுதியிலே 1897 முதல் 1903 வரை உள்ளூராட்சி மன்றத்தில் அமர்ந்து, குப்பை கூளம் பற்றியும் பொது மலசலகூடம் பற்றியும் வாதிட்டவர். மக்களாட்சி என்பது மேடையிலே பேசும் பொருள் மட்டுமன்று, வீட்டு வாயிலிலே கண்டறியும் பயனும் ஆகும் என்னும் கொள்கையை இம்மூவரும் தம் செயலாற் காட்டினர். அக்கொள்கையே மேனனையும் ஈர்த்தது என்பது என் கருத்து.

அக்காலத்து இந்தியத் தலைவர்களும் இவ்வழியைப் புறக்கணித்தாரல்லர். இராஜாஜி சேலத்திலும், ஜவாஹர்லால் நேரு அலகாபாத்திலும், வல்லபாய் பட்டேல் அகமதாபாத்திலும் நகரசபைத் தலைவர்களாய் இருந்தனர். சித்தரஞ்சன் தாஸ் 1924ஆம் ஆண்டு கல்கத்தாவின் முதல் நகராதிபதி ஆயினார். நாட்டை ஆளும் உரிமை கிட்டாத காலத்தே, நகரை ஆளும் பயிற்சியையேனும் பெறவேண்டும் என்பது அவர்தம் எண்ணம்.

மேனனின் நிலையில் மற்றுமொரு வியப்பு உண்டு. அன்று தாய்நாட்டிலே வாக்குரிமை பெற்றோர் மிகச் சிலர். ஆனால், பிரித்தானியப் பிரசையாய் இலண்டனில் வாழும் இந்தியருக்கு வாக்களிக்கவும் அபேட்சகராய் நிற்கவும் உரிமை இருந்தது. அவ்வுரிமையைக் கொண்டே 1892ஆம் ஆண்டு தாதாபாய் நௌரோஜி பாராளுமன்றம் புகுந்தார். மேனன் 1932ஆம் ஆண்டு, இந்திய லீக்கின் செயலாளராய், தொழிற்கட்சியினர் சிலரோடு இந்தியாவெங்கும் சென்று, அடக்குமுறையை நேரிற் கண்டு திரும்பியவர். அவர்கள் வெளியிட்ட அறிக்கையை அரசாங்கம் இந்தியாவிலே தடைசெய்தது. இத்தகைய அனுபவத்தோடு அவர் 1934ஆம் ஆண்டு நவம்பரிலே தொழிற்கட்சி அபேட்சகராய் நின்று வென்றார்.

அவர் தெரிந்த தொகுதியும் பொருத்தமானதே. யூஸ்ரன், கிங்ஸ் குறொஸ், சென்ற் பாங்கிராஸ் என்னும் மூன்று பெரும் புகையிரத நிலையங்கள் அப்பகுதியில் உள்ளன. அவற்றின் புகையடியிலே, சோமர்ஸ் ரவுண் போன்ற நெருக்கமான சேரிகளில் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன. இந்தியாவின் வறுமையைக் கண்ட கண்ணுக்கு ஆளும் நாட்டின் வறுமையும் புலப்பட்டது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே என அவர் கருதினார். ஆங்கிலத் தொழிலாளியின் துயரிலே பங்குகொள்பவனே, இந்திய விவசாயியின் துயரை அத்தொழிலாளிக்கு எடுத்துரைக்கும் தகுதி பெறுவான் அன்றோ?

நகரசபையில் அவர் தமக்கெனக் கொண்ட துறை கல்வியும் நூலகமும் ஆகும். நூலகக் குழுவின் தலைவராய் விளங்கி, பொருளற்றோரும் நல்ல நூலைக் கையிலே பெறவேண்டுமென்று உழைத்தார். இதே நோக்கம் பதிப்புத் துறையிலும் வெளிப்பட்டது. 1937ஆம் ஆண்டு அலன் லேன் தொடங்கிய பெலிக்கன் நூல்வரிசைக்கு மேனன் ஆசிரியருள் ஒருவர். ஆறு பென்ஸ் விலையிலே அறிவு நூல்கள் தொழிலாளி இல்லம் புகுந்தன. அவ்வரிசையின் முதல் நூல் பேர்னாட் ஷா இயற்றியதாகும்.

அவர் குறையற்ற மனிதர் அல்லர். கடுஞ்சினமும் கூரிய நாவும் நண்பரையும் பகைவராக்கின. அலன் லேனோடும் பிணக்கு விளைந்தது. டண்டீத் தொகுதியிற் பாராளுமன்ற அபேட்சகராய்த் தெரியப்பட்டும், அவர்தம் முதற்பற்று இந்தியாவுக்கே உரியதென்று ஐயுற்ற கட்சி மேலிடம் 1940ஆம் ஆண்டில் அங்கீகாரம் மறுத்தது. பெரிய கதவு அடைக்கப்பட்டபோதும் சிறிய கதவை அவர் விட்டு நீங்கவில்லை. குண்டுகள் வீழ்ந்த இரவுகளிலே தெருக்காவற் றொண்டராய் அப்பகுதி மக்களோடு நின்றார். 1947ஆம் ஆண்டு, சுதந்திர இந்தியாவின் முதல் உயர் ஸ்தானிகராய் இலண்டனிலே நியமிக்கப்பட்ட பின்னரே அவரது நகரசபைப் பணி முடிந்தது.

1955ஆம் ஆண்டு சென்ற் பாங்கிராஸ் நகரசபை அவருக்குத் தன் கௌரவ நகரப் பிரசை உரிமையை வழங்கியது. அவருக்கு முன் அப்பெருமை பெற்றவர் பேர்னாட் ஷா. மேனன் 1974ஆம் ஆண்டு மறைந்தார். அவர் ஏறிய உயர்ந்த பீடங்களைப் பற்றி அறிஞரிடையே இன்றும் வழக்குண்டு. நூலகத்திற் செய்த பணி பற்றியோ வழக்கில்லை. பொதுவாழ்விற் புக விரும்பும் இளைஞர் முதலிற் கற்கத்தக்கது இவ்வேடே என்பேன்: தன் தெருவிலுள்ளான் ஒருவனுக்குப் புத்தகம் கிடைக்கும்படி செய்ய முயலாதவன், நாட்டுக்கு விடுதலை தேடித்தருவேன் என்றல் பொருந்தாது.