சில்லும் நிலமும் பிரியாமற் காத்தவர்

தேர் எத்துணைப் பெரிதாயினும் அஃது உருள்வதற்குச் சிறியதோர் அச்சாணி வேண்டும் என்பதை வள்ளுவர் வாயிலாக நாம் இளமையிலேயே கற்றோம். எனினும் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் அதன் இயந்திர வலிமையையே புகழ்வர். சில்லுக்கும் உடலுக்கும் இடையே கிடந்து, மேடு பள்ளங்களின் அதிர்ச்சியை எல்லாம் தானே ஏற்கும் வில்லமைப்பை நினைப்பவர் மிகச் சிலர். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு அதனை நினைப்பித்தது ஓரிரவு.

பொருளாதாரத் தடையாற் பெற்றோல் அரிதாகிய 1990களில், யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நள்ளிரவிற் பேறுகால நோவுற்ற என் தமக்கையாரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல, அயலவர் ஒருவரின் மொறிஸ் மைனர் கிடைத்தது. வீதியோ குண்டுங் குழியுமாய்க் கிடந்தது. அவ்வண்டி இருமி இருமிச் சென்றதேயன்றி, குழிகளில் எகிறி விழவில்லை. விடியுமுன் மருமகள் பிறந்தாள். அவ்வண்டியை வகுத்தவர் யாரென அறியும் அவாவும் அன்றே எனக்குப் பிறந்தது.

அலெக் இசிகோனிஸ் என்பது அவர் பெயர். 1906 ஆம் ஆண்டிலே, அந்நாளில் ஒட்டோமன் பேரரசுக்கு உட்பட்டிருந்த ஸ்மிர்னாத் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். தந்தையார் கிரேக்க வழியினர். பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். தாயார் ஜேர்மனியின் பவேரியா மரபினர். 1922 இற் போர் அப்பட்டினத்தைச் சூழவே, குடும்பத்தினர் பிரித்தானியக் கப்பலேறி மோல்ற்றாத் தீவை அடைந்தனர். தந்தையார் அங்கே காலமானார். தாயும் மகனும் 1923 இல் இங்கிலாந்து சேர்ந்தனர். உடைமை இழந்து ஊர் பெயர்ந்தோர் துயரை நம்மவர்க்கு நான் விரித்துரைத்தல் வேண்டா.

இலண்டன் பற்றர்சி தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்ற அவர், கணிதத்தில் மும்முறை சித்தியெய்தத் தவறினார். ஆயினும் வரைதல் அவருக்குப் பிறவிக் கொடையாயிருந்தது. மாணாக்கரைப் புள்ளியால் மட்டுமே அளக்கும் எம்மனோர் இதனைச் சற்றுச் சிந்தித்தல் நன்று.

1930களில் அவர் பந்தயங்களில் ஈடுபட்டார். அவரிடம் ஒஸ்ரின் செவன் இனத்து அல்ஸ்ரர் என்னும் பந்தய வண்டி இருந்தது. விரைவை விரும்புவோர் பெரும்பாலும் இயந்திரத்தைத் தொடுவர். அவரோ முன்னச்சையும் தொட்டார். தாமே ஒன்றை வரைந்து பொருத்தினார். அதன் காரணத்தை அறிதல் வேண்டும். இரு சில்லுகளையும் ஒரே அச்சிற் பிணைத்தால், ஒன்று கல்லிலேற மற்றையதும் சாயும். வில் மிகக் கடிதாயின், சில்லு குழியைத் தொடர்ந்து இறங்காது துள்ளி எழும். எழுந்த சில்லு நிலத்தைப் பற்றாது. பற்றாத சில்லைத் திருப்பியும் பயனில்லை. தடுப்பை அழுத்தியும் பயனில்லை. ஆகவே வில்லமைப்பு சுகத்தின் பொருட்டு மட்டும் அமைந்ததன்று, உயிர்க்காவலும் அதுவே.

பின்னர் நண்பர் ஜோர்ஜ் டௌசனோடு கூடி, ஆண்டுக்கணக்காய் உழைத்து, லைற்வெயிற் ஸ்பெஷல் என்னும் பந்தய வண்டியை ஆக்கினார். அலுமினியத் தகடு போர்த்த ஒட்டுப்பலகை அதன் உடலாயிற்று. இரும்பு வில்லின் இடத்தை றப்பர் பெற்றது. உடல் வளையாது நின்றமையால் வில் தன் தொழிலைச் செவ்வனே செய்தது. வளையும் உடலின் கீழ் எத்துணைச் சிறந்த வில்லை இட்டாலும் பயன் குன்றும் என்பது இதனாற் பெறப்படும்.

இதற்கிடையில் 1934 இல் ஹம்பர் நிறுவனத்திலும், 1936 முதல் மொறிஸ் நிறுவனத்திலும் அவர் பணி தொடர்ந்தது. 1948 இல் மொறிஸ் மைனர் வெளிவந்தது. அதன் முன்சில்லுகள் தனித்தனியே இயங்கின. முறுக்குண்டு மீளும் உருக்குக் கம்பிகள் அவற்றுக்கு வில்லாயின. வெளியிடும் தறுவாயில் வண்டி ஒடுக்கமாகத் தோன்றவே, மாதிரியை நெடுக்காக அரிந்து, பாதிகளை விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். முன்னரே செய்து வைத்த பம்பர்கள் போதாமல், நடுவே ஒட்டுத்துண்டு இடவேண்டியதாயிற்று. நிறுவனத் தலைவரான நப்பீல்ட் பிரபு அவ்வண்டியை விரும்பவில்லை. எனினும் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டிய பிரித்தானியக் கார் அதுவே.

1956 இற் சுயெஸ் நெருக்கடியால் எரிபொருள் அருகவே, சிறிய வண்டி ஒன்றை வகுக்கும் பொறுப்பு அவரை அடைந்தது. 1959 இல் மினி பிறந்தது. ஏறத்தாழ 10 அடி நீளம். 10 அங்குலச் சில்லுகள் நான்கும் நான்கு மூலைகளில். அலெக்ஸ் மோல்ற்றன் வகுத்த றப்பர்க் கூம்புகள் வில்லாயின. சுமை ஏற ஏற அவை மேன்மேலும் விறைத்துத் தாங்கும். பந்தய வண்டிகள் செய்த ஜோன் கூப்பர் அதன் பிடிமானத்தை உணர்ந்து, மினி கூப்பர் தோன்றக் காரணரானார். 1964, 1965, 1967 ஆம் ஆண்டுகளில் அச்சிறு வண்டி மொன்ரி கார்லோப் போட்டியிற் பெரிய இயந்திரங்களை வென்றது.

இசிகோனிஸ் குறையற்றவரல்லர். ஆசனம் மிக வசதியாயிருந்தாற் சாரதி விழிப்பிழப்பான் என்று கருதியவர். பிறர் மாற்றுரையை எளிதில் ஏற்காதவர். 1969 இற் சேர் பட்டம் பெற்று, 1971 இல் ஓய்வடைந்து, 1988 இல் மறைந்தார்.

அண்மையில், என்னிடம் முன்பு பயின்ற இளைஞர் ஒருவர் பழைய மினி கூப்பர் ஒன்றை வாங்கினார். அதனைத் தாழ்த்திக் கடிய வில் பூட்டினால் நன்றாயிருக்குமா ஐயா என்று வினவினார். நான் இவ்வரலாற்றையே விடையாகக் கூறினேன். முதலில் உடலிற் துருப்பிடித்த இடங்களைச் செப்பனிடுக. முதுமையால் அமிழ்ந்த றப்பர்க் கூம்புகளை மாற்றுக. தேய்ந்த மூட்டுகளையும் அதிர்ச்சி தாங்கிகளையும் புதுக்குக. நல்ல ரயர் இடுக. பின்பு நம் வீதியில் ஓட்டிப் பார்த்து, இன்னும் குறை தோன்றினால் மட்டும் சிறிது கடுமை சேர்க்க என்றேன். இளைஞர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. சில கிழமைகளின் பின் மீண்டும் வந்தார். கூம்புகளை மாற்றிய வண்டி வளைவுகளில் நிலைகுலையாது செல்கின்றது என்றும், கடிய வில் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டதாகவும் கூறினார்.

அன்றிரவு பிறந்த மருமகள் இன்று தானே கார் செலுத்துகின்றாள். அதன் அடியிற் கிடக்கும் வில்லை அவளும் நினைப்பதில்லை. என் தமக்கையார் மட்டும் பழைய மொறிஸ் மைனர் ஒன்று வீதியிற் கடந்தால், அது மறையும் வரை நின்று பார்ப்பார்.