கிட்டப்பாவின் குரலும் ஆர்மோனியப் பெட்டியும்



2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். கல்லையும் மதிலையும் காக்க ஆள் இருக்கிறது. ஒரு காலத்தின் ஒலியை யார் காப்பது? அதற்காகத்தான் இந்த இதழில் எஸ்.ஜி. கிட்டப்பாவின் வாழ்க்கை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த செங்கோட்டையில் 1906 ஆகஸ்ட் 25 அன்று பிறந்தவர். இயற்பெயர் ராமகிருஷ்ணன். குடும்பத்தில் வறுமை. பள்ளிக்குப் போகும் வயதிலேயே அண்ணன்மாருடன் நாடக மேடை ஏறினார். பிறகு கன்னையா கம்பெனியில் சேர்ந்து பெரும்புகழ் பெற்றார்.

அது ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் குரல் எட்டியாக வேண்டும். கிட்டப்பா உச்ச சுருதியில் அநாயாசமாகப் பாடுவார். அந்தக் குரலுக்கு ஈடு கொடுத்தது மேடையோரத்து ஆர்மோனியம். அதை வாசித்தவர் அவருடைய சகோதரர் காசி ஐயர்.

1926-இல் இலங்கையில் கே.பி. சுந்தராம்பாளுடன் சேர்ந்து நடித்தார். மறுவருடம் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். இருவர் நாடகத்துக்கும் கூட்டம் அலைமோதியது. கதர் உடுத்தி, காங்கிரஸ் இயக்கத்துக்கும் ஆதரவாக நின்றார் கிட்டப்பா. ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. 1933 டிசம்பர் 2 அன்று காலமானார். வயது 27. சுந்தராம்பாளுக்கு அப்போது 25. அதன்பின் அவர் வெள்ளைப் புடவையிலேயே வாழ்ந்தார். எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிக்கவில்லை.

கிட்டப்பா பேசும் படம் எதிலும் நடிக்கவில்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்ததே 1931-இல்தான். ஆகவே அவரை இன்று நாம் கேட்க முடிவது கிராமபோன் தட்டுகளால் மட்டுமே. ஒரு பக்கத்துக்கு சுமார் மூன்று நிமிடம். அரக்கு கலந்த தட்டு. கை தவறினால் உடையும், ஊசி பட்டுப் பட்டுத் தேயும். சேகரிப்பாளர்கள் அவற்றைப் பொறுமையாக டிஜிட்டலில் ஏற்றியதால்தான் உங்கள் கைப்பேசியில் அந்தக் குரல் ஒலிக்கிறது.

குரல் பிழைத்தது. கூட வாசித்த பெட்டி? பாட்டின் பின்னணியில் மெலிதாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

மேல்நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மௌனப் படக் காலத்தில் அமெரிக்கத் திரையரங்குகளில் வுர்லிட்சர் போன்ற கம்பெனிகளின் பெரிய குழாய் ஆர்கன்கள் இருந்தன. பேசும் படம் வந்ததும் அவற்றுக்கு வேலை போயிற்று. பல கழற்றப்பட்டன. மிஞ்சியவற்றின் ஒவ்வொரு குழாயின் ஒலியையும் தனித்தனியாகப் பதிவு செய்து கணினியில் சேர்த்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் சாம்ப்ளிங். சாதாரண கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அந்தப் பழைய குழாயின் ஒலியே எழும். பாட்டைப் பதிவு செய்தால் அந்த ஒரு பாட்டுதான் மிஞ்சும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் பதிவு செய்தால் புதிய பாட்டையும் அதில் வாசிக்கலாம்.

நம் பகுதியில் தெருக்கூத்து இன்னும் நடக்கிறது. கூத்துப் பெட்டிகளும் இருக்கின்றன. ஆனால் பித்தளை ரீடு தேய்ந்து, துருத்தி கிழிந்தால் பெட்டி பழைய சாமான் கடைக்குப் போய்விடும். எடைக்குப் போடுமுன் ஒரு நாள் பொறுங்கள். மின்விசிறியை நிறுத்தி, அமைதியான அறையில், ஒவ்வொரு கட்டையையும் தனியாக அழுத்திப் பதிவு செய்யுங்கள். மெதுவாக ஒரு முறை, பலமாக ஒரு முறை. ஒலி முழுவதும் அடங்கும்வரை நிறுத்தாதீர்கள். துருத்தியின் மூச்சையும் பதிவு செய்யுங்கள். அதுவும் பெட்டியின் குரல்தான். கோப்பை சுருக்காமல், வேவ் வடிவிலேயே இரண்டு இடங்களில் சேமியுங்கள். யாருடைய பெட்டி, எந்தக் குழு என்பதையும் எழுதி வையுங்கள்.

27 வயதில் மறைந்தவரின் குரலை 90 ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் கேட்கிறோம். தட்டுகளை யாரோ பரணில் பத்திரமாக வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.