மோட்டார் சைக்கிள் எஞ்ஜினைப் பூட்டிய ஜோன் கூப்பர்

பெற்றோல் வன்னிக்குள் வராத காலத்தில் சித்தப்பாவின் கராஜில்தான் என் பின்னேரங்கள் கழிந்தன. சில துளி பெற்றோலில் மோட்டார் சைக்கிளை உதைத்து, எஞ்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். கார்ப் பந்தயத்தில் எனக்குப் பெரிய விருப்பம் இல்லை. இருந்தும் ஜோன் கூப்பரின் கதையை வாசித்தபோது ஏற்கெனவே தெரிந்த ஒருவரைப் போலவே இருந்தார்.

1923 இல் பிறந்தவர் கூப்பர். லண்டனுக்குத் தென்மேற்கே சர்பிற்றனில் தகப்பன் சார்ள்ஸ் கராஜ் வைத்திருந்தார். மகன் 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, கருவிகள் செய்யும் தொழில் பழகப் போனார். பிறகு யுத்தம். விமானப்படையில் சேர்ந்து அங்கும் கருவி வேலைதான் பார்த்தார்.

1946 இல் யுத்தம் முடிந்திருந்தது, தட்டுப்பாடு முடியவில்லை. பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டுக்குத்தான் கிடைத்தது. பந்தயக் கார் பணக்காரரின் சாமான். அதனால் பிரிஸ்டல் பக்கத்து ஆர்வலர்கள் சிலர், 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்ஜினைப் பூட்டிச் செலவில்லாமல் ஓடுவோம் என்று கிளம்பினார்கள். கூப்பரும் நண்பர் எரிக் பிரான்டனும் தகப்பனின் கராஜிலேயே வேலையைத் தொடங்கினார்கள்.

அவர்கள் எடுத்தது ஃபியட் டொப்போலினோ என்ற சின்ன இத்தாலியக் கார். அதன் முன்சில்லுகள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும், பின்சில்லுகள் அப்படியல்ல. ஆகவே இரண்டு கார்களின் முன்பாதிகளை வெட்டி, முதுகோடு முதுகு வைத்து ஒட்டினார்கள். நான்கு சில்லுகளும் தனித்தனியே அசையும் கார் ஒன்று பழைய சாமானிலிருந்தே வந்துவிட்டது. எஞ்ஜின் ஜேஏபி கொம்பனியுடையது: மண்தரைப் பந்தய மோட்டார் சைக்கிள்களுக்கான ஒற்றைச் சிலிண்டர், மெதனோலில் ஓடுவது.

அதை எங்கே பூட்டுவது? அக்காலப் பந்தயக் கார்களில் எஞ்ஜின் பெரும்பாலும் முன்னால் இருக்கும். ஆனால் மோட்டார் சைக்கிள் எஞ்ஜின் செயினால் பின்சில்லைச் சுற்றுவது. முன்னால் வைத்தால் ஓட்டுநரைத் தாண்டிப் பின்னுக்கு வலுவைக் கொண்டுபோக வேண்டும், பாரமும் கூடும். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் கட்டைச் செயின் போதும். அங்கேயே வைத்தார்கள். பெரிய கோட்பாடு எதுவும் இல்லை, கராஜ்காரரின் சுலபம்தான். சித்தப்பாவும் அப்படித்தான் யோசித்திருப்பார்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். கூப்பருக்குத் திரும்பிப் போக ஒரு கராஜ் இருந்தது. அவருடைய நாட்டில் யுத்தகால விமானத்தளங்கள் பந்தயத் திடல்களாகின. சில்வர்ஸ்டோன் அப்படி வந்ததுதான். சித்தப்பா 2009 இல் சாவிப் பெட்டியைக்கூட எடுக்காமல் நடந்தவர்.

கூப்பரின் காருக்கு ஆட்கள் கேட்டு வரத் தொடங்கினார்கள். 1948 இல் வாங்கியவர்களில் ஒருவர் 18 வயது ஸ்டேர்லிங் மொஸ். பத்து வருடம் கழித்து, 1958 ஆர்ஜென்ரீனா கிராண்ட் பிறீயில், எஞ்ஜின் பின்னாலிருந்த கூப்பர் காரில் அதே மொஸ் வென்றார். உலகச் சம்பியன் பட்டப் போட்டிகளில் அப்படியொரு கார் வென்றது அதுவே முதல்முறை. அடுத்த வருடம் அமெரிக்காவின் செப்ரிங்கில், கடைசிச் சுற்றில் பெற்றோல் முடிந்து, ஜாக் பிரபம் காரைத் தள்ளிக்கொண்டு போய் நான்காவதாகக் கோட்டைத் தாண்டினார். பட்டம் அவருக்கே. 1960 இலும் அவருக்கே.

பெரிய கொம்பனிகள் முதலில் பொருட்படுத்தவில்லை. ஆனால் 1958 க்குப் பிறகு, எஞ்ஜின் முன்னாலிருந்த காரில் எவரும் அந்தப் பட்டத்தை வெல்லவில்லை.

மினி கூப்பர் என்ற பெயரை எங்கள் ஆட்களும் அறிவார்கள். 1961 இல் வந்த அந்தக் காரில் இருப்பது இவருடைய பெயர்தான். 1964 இல் தகப்பன் இறந்தார், அடுத்த வருடமே மகன் பந்தய அணியை விற்றார். பிறகு தெற்குக் கடற்கரையோரம் ஃபெரிங் என்ற ஊரில் மறுபடி ஒரு கராஜ் நடத்தினார். 2000 ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல் நாள், 77 வயதில் இறந்தார்.