கலங்கா நெஞ்சினர் தேவசகாயம்

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிவுறும் முன்னர் ஒரு கணவாய்க்கு வழிவிடுகிறது. அங்கமைந்த ஆரல்வாய்மொழி, நாஞ்சில் நாட்டின் வாயில். இன்று காற்றாலைகள் சுழலும் அவ்வூரின் காற்றாடிமலையில், 1752ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள், விலங்கிடப்பட்ட ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒருகாலத்தில் திருவிதாங்கூர் அரண்மனையில் மதிப்போடு பணியாற்றிய அலுவலர் அவர்.

நீலகண்டன் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில், 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், செல்வாக்குமிக்க குடும்பத்தில் பிறந்தார். தமிழும் மலையாளமும் வடமொழியும் கற்றார். படைக்கலப் பயிற்சியும் பெற்றார். மன்னர் மார்த்தாண்டவர்மரின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனைப் பணி கிடைத்தது. பார்கவி என்னும் நங்கையை மணந்து இல்லறம் நடத்தினார்.

குறையொன்றுமில்லாத அவ்வாழ்வில் இழப்புகள் தொடர்ந்து வந்தன. தொழுவத்து மாடுகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது, செல்வம் தேய்ந்தது. பொருள் போனதைவிட, தாம் எப்பிழைக்காகத் தண்டிக்கப்படுகிறோம் என்ற வினாவே அவரை மிகுதியும் வாட்டியது எனலாம். அவ்வாட்டத்தைக் கண்டுகொண்டவர் டிலனாய். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவராகிய அவர், பின்னர் மார்த்தாண்டவர்மரின் படையையே பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். தோல்வியையும் நாடிழந்த வாழ்வையும் அறிந்தவர் சொல்லும் ஆறுதலுக்குத் தனி வலிமை உண்டன்றோ! அவர் நண்பருக்கு விவிலியத்திலுள்ள யோபுவின் வரலாற்றைக் கூறினார் என்பர். மந்தையையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்தும் இறைப்பற்றை விடாத நல்லவர் யோபு. துன்பம் யாவும் தண்டனையே என எண்ணியிருந்த நீலகண்டனுக்கு அவ்வரலாறு புதுவெளிச்சம் ஆயிற்று. இழந்த மாடுகள் மீளவில்லை, மனம் மீண்டது.

கிறித்துவைப் பின்பற்ற முடிவு செய்த அவர், அந்நாளில் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பாலிருந்த வடக்கன்குளத்திற்குச் சென்றார். பரஞ்சோதிநாதர் எனத் தமிழில் அழைக்கப்பட்ட இயேசு சபைக் குருவிடம், 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் விவிலியப் பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்ற பெயர் அவருக்கு அமைந்தது. முதலில் தயங்கிய பார்கவியும் பின்னர் அந்நெறியைத் தழுவி ஞானப்பூ ஆனார்.

தாம் பெற்ற அமைதியைத் தேவசகாயம் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டவருடன் அமர்ந்தார், அவர்களோடு உணவுண்டார். சாதிக்கட்டுகள் இறுகியிருந்த அக்காலத்தில், உயர்குடிப் பிறந்த அரண்மனை அலுவலர் ஒருவர் இவ்வாறு நடந்தது பெரும் சினத்தை மூட்டியது. 1749இல் அவர் கைது செய்யப்பட்டார். தண்டனைக்கான காரணம் குறித்து வரலாற்றாசிரியர்கள் கருத்து வேறுபடுகின்றனர். அவர் பட்ட துன்பங்களையோ மக்கள் நினைவு இன்றளவும் ஊர் ஊராகச் சுட்டிக்காட்டுகிறது.

செம்புள்ளி கரும்புள்ளி குத்தி, எருக்கம்பூ மாலை சூட்டி, எருமைமீது ஏற்றி ஊர்வலமாக நடத்திச் சென்றனர். பிரம்படிபட்ட புண்களில் மிளகாய்ப்பொடி தூவினர். இகழ்ச்சிக்காக நடத்தப்பட்ட ஊர்வலம் எதிர்மாறான விளைவையே தந்தது. பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைக்கப்பட்ட அவரைக் காண மக்கள் திரண்டனர். வேடிக்கை பார்க்க வந்தோர் தம் குறைகளைச் சொல்லி ஆறுதல் பெற்றுச் சென்றனர் என மரபு கூறுகிறது. மாடுகள் மடிந்தபோது நிலைகுலைந்த அதே மனிதர், இப்போது மரத்தில் கட்டுண்ட நிலையில் பிறரைத் தேற்றினார். அவருடைய வாழ்க்கையில் நாம் நின்று நோக்க வேண்டிய இடம் இதுவே.

மூன்றாண்டுத் துன்பம் ஆரல்வாய்மொழியில் முடிந்தது. காட்டில் விடப்பட்ட உடலின் எஞ்சிய பகுதிகளை அன்பர்கள் திரட்டி, கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். ஞானப்பூ தம் எஞ்சிய நாள்களை வடக்கன்குளத்தில் கழித்தார்.

1756இலேயே கொச்சி ஆயர் இச்செய்தியை உரோமைக்கு எழுதினார். எனினும் 2012ஆம் ஆண்டு திசம்பர் 2ஆம் நாளே நாகர்கோவிலில் அருளாளர் என்ற சிறப்பு வழங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார். துறவு பூணாத இந்தியர் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. பிள்ளை என்னும் சாதிப்பெயர் நீக்கப்பட்டு, தேவசகாயம் என்று மட்டுமே அவர் பெயர் அங்கு ஒலித்தது.