டீயின் நிறத்தைக்கூட விடாத ஜே.ஆர்.டி. டாடா... லவுஞ்சுக்கு கார்டு தேய்ப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய கதை!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை, விடிகாலையில் டெல்லி விமானம் என்றால் நள்ளிரவே கார் ஏறணும். மொத்த சென்னையையும் தாண்டித்தானே மீனம்பாக்கம்! போய்ச் சேர்ந்ததும் பலர் தேடுவது லவுஞ்சைத்தான். சில கார்டுகளுக்கு 2 ரூபாய் தேய்த்தாலே உள்ளே டிபன், காபி. ஆனா இப்போ அங்கேயும் வரிசை. இவ்வளவு செலவு செய்தால்தான் லவுஞ்ச் என்று பல வங்கிகள் நிபந்தனையும் போட்டுவிட்டன.

அப்போ பயணிக்குக் கிடைக்கும் மரியாதை டிக்கெட்டுக்கா, கார்டுக்கா? ஜே.ஆர்.டி. டாடாவின் கதையில் இதற்கு ஒரு பதில் இருக்கு.

யார் இவர்?

1904 ஜூலை 29-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா பார்சி, அம்மா பிரெஞ்சுக்காரர். 1929-ல் இந்தியாவில் விமானி உரிமம் பெற்ற முதல் ஆள். 1932 அக்டோபர் 15-ல் கராச்சியில் இருந்து தபால் மூட்டையுடன் தானே விமானம் ஓட்டி மும்பை வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக ஓட்டிவந்து சேர்ந்த இடம்... நம்ம மெட்ராஸ்! 1933 முழுக்க ஏறிய பயணிகள் வெறும் 155 பேர். இன்னிக்கு ஒரே விமானத்தில் அதைவிட அதிகம் பேர் போறாங்க.

1946-ல் அது ஏர் இந்தியா ஆனது. 1948-ல் லண்டனுக்கும் பறந்தது. 1953-ல் நாட்டுடைமை. அதில் அவருக்கு உடன்பாடில்லை. ஆனாலும் சம்பளம் வாங்காமல் தலைவராகத் தொடர்ந்தார்.

டீ, கவுன்ட்டர், கழிவறை

விமானத்தில் ஏறினால் குறிப்பு எழுதாமல் இறங்கமாட்டார். சீட் சரியாகச் சாய்கிறதா, பணியாளர்களின் தோற்றம் எப்படி, எல்லாமே அதில் இருக்கும். டீயும் காபியும் ஒரே நிறத்தில் இருப்பதாகக்கூட அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறார். கவுன்ட்டர் அழுக்காக இருந்தால் துணி வாங்கித் தானே துடைப்பார். கழிவறையையும் விடமாட்டார்.

அந்தக் காலத்து டிக்கெட் தொழிலாளி வாங்கக்கூடிய விலையில் இல்லை என்பதையும் சொல்லணும். ஆனா அவர் பார்த்ததெல்லாம் ஏறியவர் அத்தனை பேரும் தொடும் விஷயங்கள்.

பதவி போனது எப்படி?

1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு அவரைத் தலைவர் பதவியில் இருந்து நீக்கியது. அந்தத் தகவல்கூட அவருக்கு நேரடியாக வரவில்லை. மூன்றே வருடத்தில், 1981-ல், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல் கணக்குத் திட்டத்தைத் தொடங்கியது. அடிக்கடி பறந்தால் தனிச்சலுகை என்ற பழக்கம் அங்கிருந்துதான் உலகமெங்கும் பரவியது.

1982-ல், 78 வயதில், அதே கராச்சி - மும்பை பாதையில் மறுபடியும் தானே ஓட்டிவந்தார். 1992-ல் பாரத ரத்னா. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார்.

2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடமே திரும்பியது. பயணி முன் குனிந்து வணங்கும் மகாராஜா சின்னம் 1946-ல் உருவானது. இன்றைக்கு அவர் பெயரில் மகாராஜா கிளப் இருக்கு. அதில் லவுஞ்ச் வேணும்னா, பறந்து பறந்து மேல்படி ஏறணும்.