சலுகையை மறுத்த படையணியில் ஒரு சயீத்

ஆபிரிக்காவின் போர்னு இராச்சியத்தில் முஸ்லிம் தளபதி ஒருவரின் மகனாகப் பிறந்த முஹம்மத் அலி பின் சயீத், சிறுவயதிலேயே கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டார். ரஷ்யப் பிரபு ஒருவரிடம் பணியாற்றியபோது ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டு நிக்கலஸ் ஆக்கப்பட்டார். பின்னர் அமெரிக்கா சென்று, டெட்ராய்ட் நகரில் ஆசிரியரானார். 1863இல், உள்நாட்டுப் போரின்போது, கறுப்பினத்தவரைக் கொண்ட 55ஆவது மசாசுசெட்ஸ் தொண்டர் காலாட்படையில் இணைந்தார்.

வெள்ளையினச் சிப்பாய்க்கு மாதம் 13 டொலர். இவர்களுக்கு 10 டொலர். அதிலும் உடைக்காக 3 டொலர் கழிக்கப்பட்டது. படையணி சம்பளத்தையே வாங்க மறுத்தது. குறைவதை ஈடுசெய்ய மாநில அரசு முன்வந்தபோதும் ஏற்கவில்லை. ஆனால் கடமையைக் கைவிடவுமில்லை. 1864இல் அமெரிக்க காங்கிரஸ் சம ஊதியத்தைச் சட்டமாக்கியது.

சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறக்கும்போதெல்லாம், எனக்கு சயீதின் படையணியே நினைவுக்கு வருகிறது.